வேளச்சேரியில் நாங்கள் போகும் பல் கிளினிக்: பல் நம்பர் எழுதும் விதத்துக்காகவே ஒரு ரிவ்யூ

பல் டாக்டரிடம் போய்வந்து ரிவ்யூ எழுதுகிறவர்கள் வலித்ததா, பில் எவ்வளவு, எவ்வளவு நேரம் உட்கார வைத்தார்கள் என்றுதான் எழுதுகிறார்கள். அதையெல்லாம் நானும் சொல்கிறேன், கொஞ்சம் தள்ளி. முதலில் சொல்ல வருவது வேறு. எந்தப் பல்லுக்கு வைத்தியம் என்பதை இந்தக் கிளினிக்கில் எப்படி எழுதுகிறார்கள், எழுதியது சரிதானா என்று எப்படிப் பார்க்கிறார்கள் என்பது. ஒரு பல் கிளினிக்கை நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் வலி நாலு நாளில் போய்விடும், நல்ல பல்லைத் தப்பாகப் பிடுங்கிவிட்டால் அது திரும்ப முளைக்காது.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், நான் வேலை பார்ப்பது அமெரிக்கப் பல் மருத்துவர்களுக்கு இன்சூரன்ஸ் கிளைம் போடும் ஒரு பில்லிங் அலுவலகத்தில். நாள் முழுக்கப் பல் நம்பர்தான். எந்தப் பல், எந்தப் பக்கம், என்ன வேலை செய்தார்கள், அதற்கு என்ன கோட் எண். ஆனால் அங்கே நான் பார்க்கும் நம்பர் ஒன்று, நம்ம ஊர் டாக்டர் எழுதும் நம்பர் வேறு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து.

கிளினிக் பெயரை இங்கே போடவில்லை. டாக்டரம்மா விளம்பரம் மாதிரி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதை மதிக்கிறேன். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, முதல் மாடியில், இரண்டு நாற்காலி உள்ள சின்ன இடம். அவர் ஒருவர், வாரத்தில் சில நாள் வரும் கிளிப் டாக்டர், அப்புறம் இரண்டு உதவியாளர்கள்.

சரி, நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது உலகத்தில் பெரிதாகப் புழக்கத்தில் இருப்பவை மூன்று முறைகள்.

அமெரிக்காவில் யூனிவர்சல் என்கிறார்கள். பேர்தான் அப்படி, மற்ற நாடுகளில் பெரும்பாலும் கிடையாது. மேல் வலது ஞானப்பல் 1. அங்கிருந்து மேல் வரிசையிலேயே இடது பக்கம் நகர்ந்து மேல் இடது ஞானப்பல்லில் 16. அப்படியே கீழே இறங்கி கீழ் இடது ஞானப்பல் 17, திரும்ப வலது பக்கம் வந்து கீழ் வலது ஞானப்பல் 32. வலது இடது எல்லாம் நோயாளியின் வலது இடது, பார்க்கிறவருடையது இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1968-ல் இதை ஏற்றுக்கொண்டது, அதோடு அங்கே எல்லோரும் இதுதான்.

நம்ம ஊரில் இன்று பெரும்பாலான டாக்டர்கள் எழுதுவது எஃப்டிஐ முறை. உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு 1970-ல் ஏற்றுக்கொண்டது, பிறகு ஐஎஸ்ஓ 3950 என்று உலகத் தரமாகவும் ஆனது. இரண்டு இலக்கம். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்று சொல்கிறது: 1 மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது. இரண்டாவது இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆகவே 36 என்றால் கீழ் இடதில் ஆறாவது, அதாவது முதல் பெரிய கடைவாய்ப்பல். அதை 'முப்பத்தாறு' என்று படிக்கக்கூடாது, 'மூணு, ஆறு' என்று தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும். இந்தக் கிளினிக்கில் உதவியாளர் பெண் 'த்ரீ, சிக்ஸ்' என்று நடுவில் ஒரு மூச்சு விட்டுத்தான் சொல்கிறார், எத்தனை அவசரத்திலும் அதை மாற்றிக் கேட்டதில்லை.

மூன்றாவது, வயதான டாக்டர்களும் கிளிப் டாக்டர்கள் பலரும் இன்னும் விடாமல் வைத்திருக்கும் பால்மர் முறை. பேப்பரில் ஒரு கூட்டல் குறி மாதிரி போட்டு வாயை நாலாகப் பிரித்து, அந்தந்த மூலையில் 1 முதல் 8 வரை எழுதுவது. வியன்னாவில் அடால்ஃப் சிக்மாண்டி என்ற டாக்டர் 1861-ல் வெளியிட்டது, பிறகு 1870-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் பால்மர் கிட்டத்தட்ட இதையே சொன்னார். (இந்த சிக்மாண்டியின் மகன் ரிச்சர்ட் சிக்மாண்டிதான் 1925-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.) டென்மார்க்கில் கூட்டல் கழித்தல் குறி போட்டு எழுதும் ஹாடெரப் முறை ஒன்றும் உண்டு, நமக்கு அது வேண்டாம்.

மூன்றிலும் பேப்பரில் பார்க்க அழகானது பால்மர்தான். வாயைத் திறந்து எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிற மாதிரியே இருக்கும், எந்தப் பல் எந்தப் பக்கம் என்று யோசிக்கவே வேண்டாம். ஆனால் அந்தக் கோடு போனால் எல்லாம் போச்சு. எங்கள் அப்பாவின் பழைய ஃபைலில் நடந்தது அதுதான். முன்னாடி காட்டிக்கொண்டிருந்த வேறொரு இடத்தில் கையால் எழுதிய சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். 6 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நெடுக்குக் கோடு தெரிகிறது, குறுக்குக் கோடு விழவே இல்லை. வலது பக்கம் என்பது புரிகிறது, மேலா கீழா என்று எவராலும் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் மோசம், அந்த மூலைக் குறியை யார் டைப் செய்வது? யூனிகோடில் அதற்கென்றே குறிகள் இருக்கின்றன, ஜப்பான்காரர்களுடைய எழுத்துத் தரத்திலிருந்து வந்தவை, ஆனால் நம்ம போன் கீபோர்டில் எங்கே தேடுவது. கடைசியில் வெறும் 6 மட்டும் வந்து நிற்கும்.

இப்போது முக்கியமான விஷயம். யூனிவர்சலும் எஃப்டிஐயும் ஒரே எண்களைப் பயன்படுத்துகின்றன, வேறு வேறு பல்லுக்கு. உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்: 11 முதல் 18, 21 முதல் 28, அப்புறம் 31, 32. இந்த 18 எண்களும் இரண்டு முறையிலும் செல்லும். அதில் ஒன்றுகூட ஒரே பல்லைக் குறிக்கவில்லை. அமெரிக்காவின் 14 மேல் இடது முதல் கடைவாய்ப்பல், நம்முடைய 14 மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல், கோரைப்பல்லுக்கு அடுத்து நிற்பது. அமெரிக்காவின் 18 கீழ் இடதில் உள்ள இரண்டாவது கடைவாய்ப்பல், நம்முடைய 18 மேல் வலது ஞானப்பல். பக்கமும் மாறுகிறது, சில நேரம் மேல் கீழும் மாறுகிறது.

எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அமெரிக்கக் கிளைம் படிவத்தில் 27-ம் கட்டத்தில் பல் நம்பர், அதற்கு முன் 26-ம் கட்டத்தில் எந்த முறை என்று எழுத வேண்டும்: யூனிவர்சல் என்றால் ஜேபி, ஐஎஸ்ஓ முறை என்றால் ஜேஓ. அதோடு, வேர் சிகிச்சைக்கு முன்பல்லுக்கு ஒரு கோட் எண், முன்கடைவாய்ப்பல்லுக்கு ஒரு கோட் எண், கடைவாய்ப்பல்லுக்கு ஒரு கோட் எண் என்று தனித்தனியாக இருப்பதால் கடைவாய்ப்பல் கோட் எண்ணைப் போட்டு 21 என்று நம்பர் எழுதினால் பொருந்தாமல் நிற்கும், ஏனென்றால் அங்கே 21 என்பது முன்கடைவாய்ப்பல். 25-ம் கட்டத்தில் வாயின் பகுதியை எழுதும்போது மட்டும் 10, 20, 30, 40 என்று எஃப்டிஐயின் அதே சுற்று வரிசையில்தான் எழுதுகிறோம். ஒரே தாளில் இரண்டு முறையும் இருக்கின்றன! ஆனால் இதெல்லாம் காசு விஷயம், தப்பு நடந்தாலும் கிளைம் திரும்பி வரும், திருத்தி அனுப்பலாம். நாற்காலியில் படுத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

இந்தக் கிளினிக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது என் அக்கா மகள் விஷயத்தில்தான். டல்லாஸில் இருக்கிறார்கள், பெண்ணுக்கு 13 வயது, பல் நெருக்கமாக முளைத்துவிட்டது, கிளிப் போட இடம் பண்ணுவதற்காக நாலு பல் எடுக்க வேண்டும் என்று அங்கே உள்ள டாக்டர் சொல்லிவிட்டார். லீவுக்கு வரும்போது இங்கேயே எடுத்துவிடலாம், அங்கே செலவு அதிகம் என்று அக்கா அந்தச் சீட்டோடு வந்தாள். அதில் இருந்தது ஒரே வரி: 5, 12, 21, 28 எடுக்கவும்.

எனக்கு அந்த நாலு எண்ணும் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அமெரிக்க முறையில் அவை நாலு மூலையிலும் உள்ள முதல் முன்கடைவாய்ப்பற்கள், கோரைப்பல்லுக்கு அடுத்தது. கிளிப்புக்கு இடம் பண்ண வழக்கமாக எடுப்பவை அவைதான். இதையே நம்ம ஊர் முறையில் படித்துப் பாருங்கள். 12 மேல் வலதில் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல். 21 மேலே நடுவில் இருக்கும் இடது முன்பல், சிரித்தால் முதலில் தெரிவது. 28 மேல் இடது ஞானப்பல். 13 வயதுப் பெண்ணின் முன்பல்லை எடுக்கச் சொல்லும் சீட்டாக அது மாறிவிடுகிறது, ஒரு எழுத்துகூட மாறாமல்.

டாக்டரம்மா சீட்டை வாங்கிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இது அமெரிக்க நம்பர்தானேம்மா? நம்ம முறையில வெறும் 5-னு ஒரு பல்லே கிடையாது" என்றார். நான் ஆமாம் மேடம் என்று நாலு பல்லையும் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் அதோடு விடவில்லை. "நீங்க சொல்றது சரிதான், எனக்கும் அதான் தோணுது. ஆனா இந்த 5 இல்லாம மத்த மூணு மட்டும் எழுதியிருந்தா கண்டுபிடிக்க வழியே இல்ல பாருங்க. அதனால நம்பரை வெச்சு நான் எடுக்க மாட்டேன். அந்த டாக்டர்கிட்ட வார்த்தையில எழுதி வாங்கிடுங்க, வலது இடது, மேல கீழ, எத்தனையாவது பல்னு. எக்ஸ்ரேயும் அனுப்பச் சொல்லுங்க" என்றார். அக்காவுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், வந்திருக்கும் நாட்கள் குறைவு. அன்று ராத்திரியே மெயில் போட்டாள், பதில் அடுத்த நாள் வந்தது, வார்த்தையில், தெளிவாக. இங்கேயும் ஒரு ஓபிஜி எடுத்துக்கொண்டார்கள், முழுத் தாடையும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே.

பல் எடுக்கும் நாளில் நான் உள்ளேயே நின்றேன். கேஸ் ஷீட்டில் 14, 24, 34, 44 என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குள் அமெரிக்க எண் 5, 12, 21, 28, அதற்குக் கீழே பால்மர் சிலுவை போட்டு நாலு மூலையிலும் 4. மூன்று முறையும் ஒரே தாளில். பக்கத்தில் ஓபிஜி படத்தில் நாலு பல்லுக்கும் மார்க்கரில் வட்டம். உதவியாளர் தாளைப் பார்த்து 'ஒன், ஃபோர்' என்று சத்தமாகப் படித்தார். டாக்டர் தாளைப் பார்க்காமல் வாயில் கருவியை வைத்து நடுவிலிருந்து எண்ணினார்: ஒண்ணு, ரெண்டு, கோரைப்பல் மூணு, இது நாலு. அப்புறம் பெண்ணின் கையில் கண்ணாடியைக் கொடுத்து, "இந்தப் பல்தான்மா எடுக்கப் போறேன், பாத்துக்கோ" என்று தொட்டுக் காட்டினார். அக்காவையும் கிட்ட வரச் சொல்லிப் பார்க்க வைத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் மரத்துப்போகும் ஊசி. முதல் நாள் வலது பக்கம் இரண்டு, அடுத்த வாரம் இடது பக்கம் இரண்டு.

எடுத்த பிறகும் ஒன்று செய்தார், எனக்கு அது ரொம்பப் பிடித்தது. பல்லைப் பஞ்சுத் துணியில் வைத்து வேரை எண்ணிப் பார்த்தார். மேல் வரிசையில் முதல் முன்கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர் இருக்கும், அதற்கு அடுத்ததற்கு வழக்கமாக ஒன்றுதான். 'ரெண்டு வேர், சரியா இருக்கு' என்று சொல்லி அதையும் தாளில் எழுதினார். "சித்தி, ரெண்டு கால் இருக்கு பாருங்க!" என்று வாயில் பஞ்சோடு பெண் பேசப் பார்த்தாள், பேசக்கூடாது என்று டாக்டர் அதட்டினார்.

இதைவிடச் சிக்கல் அப்பா விஷயம். முன்னால் காட்டிய இடத்துப் பில்லில் '46 ரூட் கேனால்' என்று இருந்தது. இங்கே பார்த்தவுடன், இது 46 இல்லையே ஐயா, இது 47 என்று சொன்னார்கள். அப்பாவுக்குக் கோபம், நாலு பேர் பார்த்த பல்லை இப்போது வேறு பல் என்கிறார்களே என்று. நடந்தது இதுதான்: கல்லூரியில் படிக்கும்போது அப்பா கீழ் வலது முதல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியிருக்கிறார். பல வருஷத்தில் பின்னால் இருந்த பல் முன்னால் சாய்ந்து அந்த இடத்தை மூடிவிட்டது. இப்போது முன்னாலிருந்து எண்ணினால் அது ஆறாவது, ஆனால் பிறவியில் அது ஏழாவது. எந்த நம்பர் முறையாக இருந்தாலும் இந்தக் குழப்பம் வரும், ஏனென்றால் எண் பல்லுக்கு உரியது, அது நிற்கிற இடத்துக்கு இல்லை. டாக்டரம்மா அப்பாவிடம் பழைய கதையைப் பொறுமையாகக் கேட்டு, எக்ஸ்ரேயில் பல்லின் வடிவத்தையும் சாய்வையும் காட்டி, ஃபைலில் இப்படி எழுதினார்: '47, முன்புறம் சாய்ந்துள்ளது. 46 இல்லை, இளவயதில் எடுக்கப்பட்டது. முந்தைய பதிவில் 46 என உள்ளது.' அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான் முழு மார்க் கொடுப்பேன். பழைய பில்லையும் புது ஃபைலையும் நாளைக்கு யாராவது சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டு பல்லுக்கு வைத்தியம் நடந்ததாக நினைக்க மாட்டார்கள். உன் பெண்ணுக்கும் நாலு பல் எடுத்த பிறகு இதேதான் நடக்கும் பாரு என்று அக்காவிடமும் எச்சரித்து அனுப்பினேன், இடத்தை மூடிய பிறகு கோரைப்பல்லுக்கு அடுத்து நிற்பது ஐந்தாவது பல், நாலாவது இல்லை.

குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். என் பையனுக்கு 7 வயது. கீழ் இடது பக்கம் சொத்தை. பால் பல்தானே, விழப்போகிறது, விட்டுவிடலாமா என்று என் மாமியார் கேட்டார். டாக்டர் வாயைத் திறந்து காட்டினார்: சொத்தை இரண்டு பல்லில். முன்னால் இருப்பது 75, பால் பல். அதற்குப் பின்னால் இருப்பது 36, ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல். அதற்காக எந்தப் பால் பல்லும் விழுவதில்லை, சத்தமில்லாமல் பின்னால் முளைத்துவிடுகிறது, அதனால் நிறைய வீடுகளில் அதையும் பால் பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். எஃப்டிஐ முறையில் பால் பற்களுக்கு 5, 6, 7, 8 என்று முதல் இலக்கமே தனி, அதனால் எண்ணைப் பார்த்ததும் பால் பல்லா நிரந்தரப் பல்லா என்று தெரிந்துவிடும். எனக்கு இந்த முறை பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான்.

மற்ற இரண்டிலும் பால் பல்லுக்கு ஆங்கில எழுத்து. அதிலும் மோதல் இருக்கிறது. பால்மரில் நடுவிலிருந்து ஏ, பி, சி, டி, இ, ஆகவே இ என்பது கடைசியில் இருக்கும் பால் கடைவாய்ப்பல். அமெரிக்க முறையில் மேல் வலது கடைவாயிலிருந்து ஏ (A) தொடங்கி சுற்றி T எழுத்தில் முடியும், இருபது எழுத்து, அங்கே இ என்பது மேல் வலது நடு முன்பல். ஏ-யும் அப்படியே தலைகீழ். இதுவும் போதாதென்று, அமெரிக்காவில் கூடுதலாக முளைத்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லின் எண்ணோடு 50 கூட்டி எழுதுவார்கள், 51 முதல் 82 வரை. நமக்கு 51 என்றால் குழந்தையின் மேல் முன்பல்.

எஃப்டிஐ குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். இலக்கம் இடம் மாறினால் ஆபத்து: 12-ம் 21-ம் இரண்டுமே செல்லும், 14-ம் 41-ம் செல்லும், எந்த சாஃப்ட்வேரும் நிறுத்தாது. யூனிவர்சலுக்கும் ஒரு அழகு உண்டு. ஒரே பக்கத்தில் மேலும் கீழும் இருக்கும் ஜோடிப் பல் இரண்டையும் கூட்டினால் எப்போதும் 33 வரும், 3-ம் 30-ம், 14-ம் 19-ம் என்று. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தான் பழக்குவோம். ஆனால் அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் வரைதான் அதெல்லாம். பேரிடரில் இறந்தவர்களை அடையாளம் காண இன்டர்போல் பயன்படுத்தும் படிவத்தில் பல் விவரத்துக்கு எஃப்டிஐ எண்தான், காரணம் பல நாட்டு ஃபைல்கள் ஒரே மேஜையில் சேர வேண்டும். டல்லாஸிலிருந்து வேளச்சேரிக்கு ஒரு சீட்டு வருவதும் அதே மாதிரி விஷயம்தான், சின்ன அளவில்.

இந்தக் கிளினிக்கில் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் சில நாள் வரும் கிளிப் டாக்டர் பால்மரில்தான் எழுதுகிறார், அதை உதவியாளர் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எஃப்டிஐக்கு மாற்றுகிறார். மாற்றியதைக் கிளிப் டாக்டர் திரும்பப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதாகத் தெரியவில்லை. டாக்டரம்மாவிடமே இதைச் சொன்னேன், பார்க்கிறேன் என்றார். இவ்வளவு கவனமாக இருக்கும் இடத்தில் இந்த ஒரு ஓட்டையை அடைக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பில்லிலும் வெறும் எண் மட்டும்தான் அச்சாகிறது, '36 ஃபில்லிங்' என்று. பக்கத்தில் 'கீழ் இடது' என்று ஒரு வார்த்தை தமிழில் போட்டால் வீட்டில் பெரியவர்களும் படித்துப் புரிந்துகொள்வார்கள்.

அப்புறம் வழக்கமான குறைகள். அப்பாயின்ட்மென்ட் ஆறு மணி என்றால் ஆறே முக்காலுக்குத்தான் கூப்பிடுவார்கள், ஒவ்வொருவருக்கும் இப்படி எண்ணி எண்ணிப் பார்த்தால் நேரம் ஆகத்தான் செய்யும் என்பது புரிகிறது, ஆனாலும் முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லலாம். லிஃப்ட் கிடையாது, முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படி ஏறுவது கஷ்டம். கார் நிறுத்த இடம் இல்லை, டூவீலரில் போங்கள். ஞாயிறு விடுமுறை.

செலவு: அப்பாவுக்கு வேர் சிகிச்சை 4,500, அதன் மேல் ஜிர்கோனியா கேப் 8,000. அக்கா மகளுக்குப் பல் ஒன்றுக்கு 1,000 வீதம். பையனுக்கு இரண்டு அடைப்பும் சேர்த்து 2,200. இதைவிடக் குறைவாகச் செய்யும் இடங்கள் அதே தெருவில் இருக்கின்றன. 5-க்கு 4 நட்சத்திரம் கொடுக்கிறேன், அந்த ஒரு நட்சத்திரம் கிளிப் டாக்டர் ஃபைல் விஷயத்துக்காகவும் காத்திருப்புக்காகவும்.

வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே பல் வேலை பார்த்துக்கொண்டு திரும்பப் போகிறவர்களுக்கு ஒன்று. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே முழு ரிப்போர்ட் கேளுங்கள். அமெரிக்காவுக்குப் போகிறீர்கள் என்று சொன்னால் எஃப்டிஐ எண்ணோடு யூனிவர்சல் எண்ணையும், பக்கத்தில் பல்லின் பெயரையும் வார்த்தையில் எழுதித் தருகிறார்கள், தாளின் தலைப்பிலேயே எந்த முறை என்பதும் இருக்கும். லண்டனுக்குப் போகிற ஒருவருக்கு, அங்கே பால்மர் அதிகம் புழங்குவதால், சிலுவை போட்டே கொடுத்ததையும் பார்த்தேன். ஓபிஜி படத்தை மெயிலில் அனுப்புகிறார்கள். இதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. ரிசப்ஷனில் கேட்டால் அவசரத்தில் பில் காப்பியை மட்டும் நீட்டுவார்கள், அதை வாங்கிக்கொண்டு வந்துவிடாமல் டாக்டரிடமே கேளுங்கள்.